வந்து செல்வார் செய்யும் கல்வித்தொண்டு

கல்வி நல்குதல் அறங்களுள் தலையாயது என்பது நம் பெரியோர் அனைவர்க்கும் ஒத்த முடிபு. ஆயினும் எவ்வறமும் செய்வார் நிலை, பெறுவார் நிலை, செய்யும் முறை என்னும் மூன்றனையும் நோக்கியே ஆராயத்தக்கதாகும். ஆகலின், இக்காலத்துப் பெருகிவரும் தொண்டு முறை ஒன்றனைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்து. அஃதாவது, பல்கலைக்கழகத்து மாணவர் கடல் கடந்து பிறநாட்டுக்கோ, தம் நகரினின்றும் சேய்மையிலுள்ள சிற்றூருக்கோ சென்று, சின்னாளேனும் சில திங்களேனும் தங்கி, ஆங்குள்ள பள்ளிப் பிள்ளைகட்குக் கூலி பெறாது கற்பித்து மீளுதல்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1958-ஆம் ஆண்டு தோன்றிய தன்னார்வத் தொண்டு நிறுவனம் ஒன்று பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரைப் பிறநாடுகட்கு அனுப்பத் தலைப்பட்டது. கென்னடி என்பார் அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த 1961-இல் அந்நாட்டார் அமைதிப்படை என்பதனை நிறுவினர். அப்படையினர் அவ்வாண்டு முதல் 1976 வரை நம் நாட்டிலும் பணி புரிந்தனர். நம் நாட்டிலோ, காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. இத்திட்டத்திற் சேரும் மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் பணி செய்தலும், ஏழு நாள் ஒரு சிற்றூரில் முகாமிட்டுத் தங்குதலும் முறை. கோயம்புத்தூரைச் சூழ்ந்த ஊர்கட்கு ஆண்டுதோறும் கல்லூரி மாணவர் இங்ஙனம் வந்து தங்குதலை நம்மனோர் பலரும் கண்டிருப்பர். தனக்காக அன்று, பிறர்க்காகவே என்னும் பொருள்படும் தொடரே இத்திட்டத்தின் குறிக்கோளாக வைக்கப்பட்டுள்ளது. யான் என்னும் செருக்கினைக் களைதலே நெறி என்று கூறும் நம் சமயத்தார்க்கு அக்குறிக்கோள் உவப்பினைத் தருவதாம்.

ஆயினும் இதனை மறுத்தாரும் உளர். இவான் இல்லிச்சு என்னும் கத்தோலிக்கத் துறவி, 1968-இல், மெக்சிகோ நாட்டுக் குவெர்நவாக்கா நகரில் அமெரிக்க மாணவர் கூட்டமொன்றிற் பேசியபோது, நன்மை செய்வதாகக் கருதி ஏழைநாட்டு ஊர்களுக்கு வருதலைக் கைவிடுமாறு அவர்கள் முகத்துக்கு நேரே கூறினார். காணவும் கற்கவும் வருக, உதவுதற்கு வாரற்க என்பது அவர் கூற்றின் சாரம். நல்லெண்ணத்தோடு வந்தாரை ஒருவர் இங்ஙனம் தடுப்பதற்குக் காரணம் யாது? அவர் கூற்று முற்றும் கொள்ளத்தக்கதா? இவையே ஈண்டு ஆராயத்தக்கன.

யாம் நேரிற் கண்டதொன்றனை முதற்கண் கூறுதும். பேரூருக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆடித்திங்களில், மேனாட்டு மாணவர் அறுவர் வந்து நான்கு கிழமை தங்கினர். ஊரார் வாசலில் வாழை கட்டி, கோலமிட்டு, ஆலத்தி சுற்றி அவர்களை வரவேற்றனர். அவர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் தீட்டினர். பிள்ளைகட்கு ஆங்கிலப் பாட்டுகள் கற்பித்தனர். அவர்களைத் தோள்மேல் இருத்திப் படம் எடுத்துக்கொண்டனர். விடைபெறும் நாளில் பிள்ளைகளும் அழுதனர்; வந்தவரும் அழுதனர். மறு ஆண்டு வேறு அறுவர் வந்தனர். அவரும் அச்சுவருக்கே வண்ணம் தீட்டி, அப்பாட்டுகளையே கற்பிக்கத் தொடங்கினர். பள்ளியின் ஓட்டுக்கூரை ஒழுகுவதும், ஐந்து வகுப்பினுக்கும் ஆசிரியை ஒருவரே இருந்ததும், நான்காம் வகுப்பிற் சிலர் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாதிருந்ததும் முன்னர் வந்தார்க்குத் தெரிந்தில. விருந்தினர் மனம் வருந்தலாகாது என்று ஊரார் அவற்றை மறைத்தே வைத்தனர். ஒழுகுமிடத்தில் வைக்கும் வாளிகளை விருந்தினர் வருமுன் எடுத்து ஒளித்துவிடுவதாக அவ்வாசிரியை பின்னொருநாள் எம்மிடம் கூறி நகைத்தார். அந்நகையில் உவகை இல்லை.

இரண்டாம் முறை வந்தாருள் ஒரு பெண்மகள், சாரல் மிக்க ஒருநாள், பிள்ளைகள் அனைவரும் வகுப்பின் ஒருபுறத்தே நெருங்கி அமர்ந்திருத்தலைக் கண்டாள். நிமிர்ந்து கூரையை நோக்கினாள். மறுநாள் முதல் வண்ணமும் பாட்டும் விடுத்து, வாய் திறவாத சிறுமி ஒருத்தியின் அருகே தரையில் அமர்ந்து, சிலேட்டினை அச்சிறுமியின் கையிற் கொடுத்து, தனக்குத் தமிழெழுத்துக் கற்பிக்குமாறு சைகையாற் கேட்டாள். வந்தவள் ழகரத்தைப் பிழைபட ஒலித்தபோது, சிறுமி முதன்முறையாகச் சிரித்தாள், திருத்தினாள். நாளைக் கற்பித்தற் பொருட்டு இன்று கற்கவேண்டியிருந்தமையின், தானே ஆசிரியையிடம் சென்று எழுத்துகளைக் கேட்டறிந்தாள். இரு கிழமைக்குள் பாடநூலில் ஒரு பக்கம் படித்தாள். அப்பெண்மகள் விடைபெற்ற நாளில் இச்சிறுமி அழுதிலள். முதல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை இருத்தி, அவர்முன் அச்சிலேட்டினை வைத்தாள்.

மற்றையோர் அன்பில்லாதவர் அல்லர். அவர் செலவிட்ட பொருளும் பட்ட பாடும் பொய்யல்ல. ஆயின் அவர் செய்ததற்கும் இவள் செய்ததற்கும் உள்ள வேற்றுமை யாது?

ஈண்டுப் பயன் ஒன்றனையே நோக்குவார் ஒரு தடை நிகழ்த்துவர்: "செய்வாரது உள்ளம் தூயதாயினும் செருக்குடையதாயினும் பெறுவார்க்கு என்? புகழ் விரும்பி இட்ட சோறும் பசியை ஆற்றுமன்றே? அதுபோல, எக்கருத்தோடு கற்பிப்பினும் குழந்தைக்கு எழுத்து வருமாயின் அதுவே அமையும். செய்வாரது வினைக்கணக்கு அவர்க்கும் இறைவனுக்கும் இடையது" என்பர்.

சோற்றின்கண் இஃது ஒருவாறு பொருந்தும், கல்வியின்கண் பொருந்தாது. என்னை? உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலையான கொள்கை. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுதல்போல, உயிர் தான் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்ளும். செருக்கோடு இட்ட சோற்றில் செருக்கு உண்பார் உடம்பிற் சென்று கலப்பதில்லை. செருக்கோடு கற்பித்த கல்வியிலோ, அச்செருக்கே முதற்பாடமாக அமைந்துவிடும். இரங்கத்தக்க ஏழை என்று தன்னைப் பார்க்கும் கண்ணைச் சார்ந்த குழந்தை, தன்னை இரங்கத்தக்க ஏழையாகவே காணும். தன் ஊரும், தாய்மொழியும், தந்தையின் ஏரும் நாணத்தக்கன என்று எவரும் சொல்லாமலே அது கற்றுக்கொள்ளும். ஆகலின், ஆசிரியரது உள்ளத்தின் நிலை அவர்க்கே உரிய தனிக்கணக்கு ஆகாது. கற்பிக்கப்படும் பொருளில் அதுவும் ஒரு கூறாம்.

பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்னும் பாகுபாட்டின் நுட்பம் ஈண்டு விளங்கும். யான் செய்கின்றேன், எனது கொடை, இவர் என்னாற் பெறுவார் என்னும் முனைப்போடு செய்வன நல்லனவாயினும் பசுபுண்ணியமாய், தம் பயனை ஊட்டிக் கழியும். இறைவன் பணியாகக் கண்டு, அவன் அருள்வழி நின்று செய்வன சிவபுண்ணியமாய், ஞானத்துக்கு வாயிலாம். பலர் இதனைச் செய்வாரது மறுமைப் பயன்பற்றிய பாகுபாடாக மட்டுமே கொள்வர். கல்வித்தொண்டில் அது பெறுவாரையும் பற்றியதாதல் மேற்காட்டியவாற்றான் பெறப்படும்.

இனிக் கற்பித்தல் என்பது யாது என்பதனையும் நோக்குவாம். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனை உவமையாக அமைத்தருளினார். ஐம்புலன்களாகிய வேடரிடைப்பட்டுத் தன் தலைவனை அறியாதிருந்த உயிர்க்கு, இறைவன் குருவாய் வந்து அதன் உண்மை நிலையை உணர்த்துகின்றான். குரு, குமரனுக்கு அரசுரிமையைப் புதிதாகக் கொடுப்பவன் அல்லன். முன்னரே உள்ளதனை அறிவிப்பவனாவான். உயிர் அறிவிக்க அறியும் இயல்பினது. கண் காணுந்தன்மை உடையதாயினும் ஒளியின்றிக் காணாதது போல்வது. ஒளி கண்ணுக்குப் பார்வையை ஊட்டுவதில்லை. மறைப்பினை நீக்கி உடன்நிற்கின்றது. உலகியற் கல்விக்கும் இதுவே அளவுகோல். குழந்தையின் அறிவு ஆசிரியன் ஊற்றும் நீரன்று. ஊற்றுக்கண்ணை அடைத்த மண்ணை அகற்றுதலே அவன் செயல்.

இவ்வுவமையைத் தலைகீழாகக் கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. வந்த மாணவன் தன்னை அரசனாகவும், ஊரை வேடர் சேரியாகவும், குழந்தையை அங்கிருந்து மீட்கப்படவேண்டியவனாகவும் எண்ணிவிடுவான். நூலுள் வேடராவார் ஐம்புலன்களேயன்றி ஊரார் அல்லர். அவ்வைம்புலவேடர் சிற்றூரானைச் சூழ்ந்திருத்தல்போலவே பல்கலைக்கழகத்தானையும் சூழ்ந்துள்ளனர். குழந்தையை அதன் ஊரினின்றும் பிரித்துத் தன்னோடு பிணிப்பவன் குருவின் செயலைச் செய்தானல்லன். தானும் ஒரு வேடனாயினான். விடைபெறும் நாளில் குழந்தை அழுவதனையே தன் தொண்டின் வெற்றியாகக் கருதுவார் இதனை ஓர்க.

இக்கருத்துக்கு எடுத்துக்காட்டுக் கொங்குநாட்டிலேயே உளது. அவிநாசி எனப்படும் திருப்புக்கொளியூரில் நிகழ்ந்ததனை நம்மனோர் யாவரும் அறிவர். ஆயினும் இந்நோக்கில் மீண்டும் எண்ணிப்பார்த்தல் தகும். நம்பியாரூரர் சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியில் அவ்வூரை அடைந்தார். அவர் அவ்வூரார் அல்லர், தங்க வந்தவரும் அல்லர், வழிப்போக்கரே. ஒரு மனையில் மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகை ஒலியும் எழக் கேட்டு, காரணம் வினவினார். ஒத்த வயதினராகிய சிறுவர் இருவர் ஐந்தாண்டுப் பருவத்தில் குளத்தில் நீராடியபோது ஒருவனை முதலை உண்டது; பிழைத்தவனுக்கு இன்று உபநயனம்; இழந்தார் மனையில் அழுகை என்றறிந்தார். அந்நிலையில், மகனை இழந்த பெற்றோர் நம்பிகள் வந்தமை கேட்டுத் துயரினை மறைத்து முகமலர்ந்து வந்து வணங்கினர். மகனை இழந்தவர் நீவிரோ என நம்பிகள் வினவ, அது முன்பு நிகழ்ந்தது, தேவரீர் எழுந்தருளப் பெற்றதே எமக்குப் பேறு என்னும் கருத்துப்பட விடையிறுத்தனர். அவ்வன்பு கண்டு உள்ளம் நெகிழ்ந்த நம்பிகள், அம்மைந்தனை மீட்டன்றி அவிநாசிப் பெருமானை வணங்கேன் எனத் துணிந்து குளக்கரை சென்று பாடினார். முதலை, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் நிரம்பிய சிறுவனைக் கரையில் உமிழ்ந்தது. நம்பிகள் அவனைப் பெற்றோரிடம் ஒப்புவித்து, உபநயனமும் நிகழ்வித்து, தம் வழிச் சென்றார்.

இதன்கண் மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, ஊரார் விருந்தினர்முன் தம் துயரை மறைப்பர் என்பது. எம் சிற்றூரார் வாளிகளை ஒளித்ததும், அவிநாசிப் பெற்றோர் கண்ணீரை ஒளித்ததும் ஒரே பண்பின் செயல்கள். வரவேற்பின் மலர்ச்சியையே ஊரின் நிலையாகக் கொண்டவன் எதிர்மனை அழுகையைக் கேளாதவனாவான். நம்பிகள் கேட்டார், கேட்டபின் வினவினார், வினவியபின்னரே செய்தார். தாம் கொண்டுவந்ததனைக் கொடாது, அவர் இழந்ததனைத் தேடினார். இரண்டாவது, மீண்ட சிறுவன் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு மீண்டான் என்பது. கல்வியை இழந்த குழந்தை இழப்பது ஆண்டுகளையே. தன் வயதினர் ஓதும்போது தான் ஓதாதிருந்த குறையை நிரப்புதலே அதற்கு வேண்டும் உதவி. நான்காம் வகுப்பில் எழுத்துக் கூட்டமாட்டாத குழந்தைக்குப் புதுப்பாட்டு உதவாது. கழிந்த மூன்றாண்டுகள் மீளவேண்டும். மூன்றாவது, நம்பிகள் சிறுவனைப் பெற்றோரிடமே ஒப்புவித்தார் என்பது. உடன் அழைத்துச் சென்றாரல்லர். தமக்கு அடிமையாக்கினாரும் அல்லர். பெற்றோர்க்கும் ஊர்க்கும் உரியவனை அவர்க்கே மீட்டளித்து நீங்கினார். தொண்டின் நிறைவு இவ்வொப்புவித்தலேயாம்.

இதனால், குறுகிய காலம் தங்குதலே குற்றம் என்பாரது கொள்கையும் விலக்கப்படும். நம்பிகள் அவிநாசியில் தங்கிய காலம் சிறிதே. ஆயினும், தங்கிநின்று செய்வாரது தொண்டுக்கு வந்து செல்வாரது தொண்டு துணையாதல் வேண்டுமேயன்றி மாற்றாதல் கூடாது. திருப்பூரிற் பிறந்த அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-இல் கோயம்புத்தூரில் இராமகிருட்டிண வித்தியாலயத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த அந்நிலையத்தினை, விடுதலைப் போரிற் சிறை சென்றபோதும், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராயிருந்தபோதும் மறவாது, 1991-இல் மறையும்வரை அதன் பணியிலேயே நின்றார். அறுபதாண்டு நின்றவரது தொண்டினையும் நான்கு கிழமை தங்குவாரது தொண்டினையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. பின்னவர்க்கும் சிறப்புண்டு, அது நிற்பாரை அறிந்து அவர் சொல்வழி நிற்றலால் வருவது.

அயல்நாட்டினின்று வந்தவர் ஆகார் என்பதும் இல்லை. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய் வந்தார். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகிய மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று கல்விப்பணி செய்தார். தில்லையைச் சிவலோகமாகவே கண்டு அதன்கண் தங்க அஞ்சிய ஆளுடைய பிள்ளையார் தங்கியருளிய தலம் அத்திருவேட்களம். பல்கலைக்கழகத்தினின்று அவ்வூருக்குச் செல்லும் வழி சிறிதே. அதனை நடந்து கடந்தார் சிலரே. கடலைக் கடந்து வந்தவர் அதனையும் கடந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி ஒரு தடை எஞ்சியுள்ளது. "செருக்கு நீங்கியவரே கற்பிக்கத் தக்கார் எனின், ஆணவமலம் நீங்கினார் யாவர்? இருபது வயது இளைஞன்பால் அதனை எதிர்பார்த்தல் எங்ஙனம்? இக்கட்டளையால் தொண்டே நின்றுபோம்" என்பர். அற்றன்று. மலம் நீங்கியபின் தொண்டு என்பது நம் நெறியன்று. தொண்டினால் உயிர் பக்குவமெய்துதலே நெறி. நால்வகைப் பாதங்களுள் சரியை முதலாவதாக வைக்கப்பட்டதும் இதுபற்றியே. திருக்கோயிலில் அலகிடுவான், மெழுகுவான், மாலை தொடுப்பான் எவனும், தான் இறைவனுக்குக் குறைநிரப்புவதாகக் கருதுவதில்லை. பணி செய்யும் பேறு தனக்குக் கிட்டியதாகவே கருதுகின்றான். சொல்லரசராகிய அப்பர் பெருமான் உழவாரப்படையை ஏந்திப் புல் செதுக்கினார். கையில் உழவாரம் உள்ளவன் தலை நிமிர இயலாது. மாணவனும் சிற்றூர்ப் பள்ளியிற் புகும்போது உரையாசிரியனாகப் புகாது, உழவாரத் தொண்டனாகப் புகுவானாயின், அத்தொண்டே அவன் முனைப்பினைத் தேய்க்கும். இறைபணி நிற்றல் என்று மெய்கண்டதேவர் பத்தாஞ் சூத்திரத்தில் உணர்த்தியதன் நிழல் அவன்மேலும் படியும்.

இவற்றாற் பெறப்படும் நடைமுறை ஒருசில. மாணவரை அனுப்பும் கல்லூரியார், எம் மாணவர் என்ன கொடுப்பர் என்று சொல்லுமுன், உங்கட்கு யாது குறை என்று ஊர்ப்பள்ளியின் ஆசிரியரைத் தனியே, மாலையும் ஆலத்தியும் இல்லாத ஒருநாளில், கேட்டல் வேண்டும். சென்ற மாணவர், ஆசிரியர்க்கு மேலாகவன்றி அவர்க்குக் கீழாக நின்று, மெல்லப் பயிலும் பிள்ளையின் அருகே அமர்ந்து படிக்கக் கேட்டல், பிழை திருத்தல், ஏட்டுக்கு உறையிடல், தண்ணீர் முகத்தல் என்னும் சிறுபணிகளையே முதலிற் கொள்ளல் வேண்டும். முன்னர் வந்தவர் விட்ட இடத்தினின்று பின்னர் வருபவர் தொடங்குமாறு, செய்ததனை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளியிலேயே வைத்துவருதல் வேண்டும். படம் எடுப்பதாயின், தம் வீட்டுப் பிள்ளையை அயலார் அவ்வாறு எடுத்து ஊருக்குக் காட்டின் தாம் பொறுப்பரோ என எண்ணிச் செய்தல் வேண்டும். பெயர் பொறித்தலைப்பற்றி அப்பூதியடிகள் வழிகாட்டியுள்ளார்: திங்களூரில் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தரில் தம் பெயரை எழுதாது, தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசர் பெயரையே எழுதினார். நம் திருமடங்களும் தம் கல்லூரி மாணவரை விடுமுறையில் அணிமையிலுள்ள பள்ளிகட்கு இம்முறையில் அனுப்புமாயின், ஏனையோர்க்கு அஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இல்லிச்சின் கூற்றில் பாதி கொள்ளத்தக்கது, பாதி விடத்தக்கது. கற்க வருக என்றது உண்மை. உதவ வாரற்க என்றது, உதவுதலும் கற்றலும் வெவ்வேறெனக் கொண்டமையான் வந்த பிழை. அச்சிறுமியின் சிலேட்டின்முன் அமர்ந்தவள் கற்றாள், அக்கற்றலே உதவியாயிற்று. அறிவிக்க அறியும் உயிர்கள் இரண்டு எதிரெதிர் அமர்ந்தன. அறிவிப்பான் ஒருவன் இரண்டினுள்ளும் நின்றான்.

கச்சியப்ப முனிவர் அருளிய பேரூர்ப் புராணத்துள் ஒரு வரலாறு உண்டு. நம்பியாரூரர் பட்டிப்பெருமானைத் தேடிப் பேரூர்க்கு வந்தபோது, பெருமான் கோயிலில் இல்லை. அம்மையோடு உழவர் வடிவில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ஆனித் திங்களில் நடைபெறும் நாற்று நடவு விழா இதனை இன்றும் நினைவூட்டுகின்றது. நம்பிகள் சேற்று வயலுக்குச் சென்றே தம் தலைவனைக் கண்டார். கற்பிக்கச் செல்லும் மாணவர், தாம் கொண்டுசெல்லும் ஒளியை இருளுள்ள ஊருக்குக் கொடுப்பதாக எண்ணாது, தமக்கு முன்னரே அவ்வயலில் நின்று நடுகின்றவனைக் காணச் செல்வதாக எண்ணுவாராக. அவ்வெண்ணம் அவர்க்கும் அவர்பாற் பயிலும் பிள்ளைகட்கும் நலம் பயப்பதாக. திருவருள் முன்னிற்க.